துரோபதை கட்டிய சேலை

ஆரணியில் ஒரு பட்டுச் சேலையை முதலில் தொடுவது பெண்ணின் கைதான். தறியில் ஏறுவதற்கு வெகு முன்பே பட்டு அவள் மடிக்கு வந்துவிடுகிறது. இழையைப் பிரித்து ராட்டையில் சுற்றுவது, ஊடைக்குத் தார் போடுவது, அறுந்த இழையை விரல் நுனியில் முறுக்கி ஒட்டுவது, பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும்போது கூட உட்காருவது எல்லாம் அவள் வேலை. உலை கொதிக்கும் நேரத்தில் நான்கு தார் சுற்றிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போவாள். அதன் பிறகுதான் வீட்டு ஆண் குழித்தறியில் இறங்கி நாடாவை எறிகிறார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். தறிக்காரர் கையில் கொடுப்பார்கள். தார் சுற்றியவளுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. அவள் செய்ததற்கு வீட்டில் பெயர் ஒத்தாசை.

இந்தச் சேலை எங்கெல்லாம் போயிற்று என்று தேடும்போது எல்லாரும் சொல்வது கல்யாண வீட்டை. நான் பின்தொடர விரும்புவது அதன் இன்னொரு வழியை. கூத்துக் களத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் போன வழி அது. ஒரே ஒரு சேலையின் கதையாக இதைச் சொல்ல முடியாது. ஒரு நூற்றாண்டில் பலர் கட்டி, அவிழ்த்து, இரவல் கொடுத்து, டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த துணி இது.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்கு மெல்லிய பருத்தித் துணியால், ஆரணி மஸ்லினால், ஒரு காலத்தில் பெயர் இருந்தது. பின்னால் அந்தப் பெயர் பட்டுக்கு மாறியது. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் குறைவு. அதனாலேயே காஞ்சிப் பட்டு எட்டாத வீடுகளுக்கும் ஆரணிப் பட்டு போய்ச் சேர்ந்தது. இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. ஊரைச் சுற்றிச் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். இதே மண் கூத்து மண்ணும்கூட. செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர். பழைய வட ஆர்க்காடு முழுக்கத் துரோபதை அம்மன் கோயில்கள். கோடையில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம்.

அந்த இரவுகளில் ஒன்று துகில், சபையில் துரோபதையின் சேலையை உரியும் கதை. துரோபதை வேடம் கட்டுபவர் ஆண். அவர் உடம்பில் ஊர்ப் பெண் யாரோ கொடுத்த சேலையும் இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டுவதும் முனையோடு முனை முடிந்து வைப்பதும் குழுவுக்குக் குழு மாறும். துச்சாதனன் வேடக்காரர் உடனே கைவைத்துவிட மாட்டார். கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்ட பிறகே முந்தானையைத் தொடுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும்.

சேலை வளர்வதை அற்புதம் என்று கும்பிடுகிறோம். அதற்கு முன்னால் அவள் கேட்ட கேள்வி அந்தக் கும்பிடலில் அமுங்கிப் போகிறது. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையில் கேட்கிறாள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், நேரான பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாகச் சேலை வருகிறது. பாரதி 'பாஞ்சாலி சபதம்' எழுதியபோது அவரைச் சுட்டதும் அந்தச் சபையின் வாய்மூடிய நிலைதான்; அதன் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. அந்த வருடத்தில் கூத்துப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஓர் ஆரணிப் பெண், புருஷன் செத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. அதற்கு முதல் சிறு கதவு திறந்தது 1937 சட்டத்தில். பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 வரை காத்திருந்தது. துரோபதையின் கேள்வியைப் பெண் குரலில் பாடிய ஆண், விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனார். கேட்டுக்கொண்டிருந்தவள் அதே கேள்வியோடு வீட்டுக்குப் போனாள்.

கூத்துக் களத்திலிருந்து கொட்டகைக்கு வந்தால் சேலைக்கு இன்னொரு வாழ்க்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகத் தகரக் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனிகளின் உயிர் டிரங்குப் பெட்டிகளில் இருந்தது. ராஜபார்ட்டின் ஜரிகை அங்கி ஒன்றில், ஸ்திரீ பார்ட்டின் சேலையும் சவுரியும் இன்னொன்றில். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் அந்தச் சேலைகள் சிறுவர்களின் இடுப்புக்கு ஏறின. வறுமைப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பாட்டும் நடையும் கற்றவர்கள். சேலையை மிதிக்காமல் நடப்பது, குனிந்து சிரிப்பது, முந்தானையால் கண்ணைத் துடைப்பது எல்லாம் பாடம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீ பார்ட் கையைவிட்டுப் போகும். சேலை அடுத்த பையனுக்குப் போகும். சிவாஜி கணேசன் சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து சீதையாக நின்றதும் இந்த வழியில்தான். அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு தனிக் கதை, அதையும் யாராவது முழுதாக எழுத வேண்டும்.

படித்தவர்கள் நடத்திய சபாவிலும் இதே கதைதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். பம்மலுக்கு ஜோடியாகக் கதாநாயகி வேடம் கட்டிப் புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு. மராத்தி மேடையில் பெண் வேட நடிகர் பால கந்தர்வர் கட்டிய சேலைக்கட்டும் வைத்த பூவும் மகாராஷ்டிர வீடுகளில் பெண்களுக்கு முன்மாதிரி ஆகிவிட்டன. பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படி வெட்கப்பட வேண்டும் என்பதை ஓர் ஆண் தன் உடம்பில் செய்து காட்ட, பெண் அதைப் பார்த்து வீட்டில் கற்றுக்கொண்டாள்.

அப்படி என்னதான் நடித்தார்கள்? சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பெண்கள் சிறு ஆட்கள் அல்ல. சாவித்திரி எமனோடு வழக்காடுகிறாள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வரும் நல்லதங்காள், அண்ணி விரட்டியதும் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். கொட்டகை முழுக்க விம்மும். பிறந்த வீட்டில் அவளுக்கு உரிமை ஒன்றும் இல்லை, இரக்கம் மட்டுமே இருந்தது; அந்த இரக்கத்தின் திறவுகோல் அண்ணியிடம் போனதும் அவளுக்குக் கிணறு தவிர இடம் இல்லை. நாடகம் பழியை அண்ணி மூளியலங்காரியின் தலையில் கட்டிவிட்டது. ஒரு பெண்ணின் சாவுக்கு இன்னொரு பெண்ணைக் காட்டி முடித்துவிட்டால், அண்ணனையும் சொத்தையும் வழக்கத்தையும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது அல்லியின் கதை. மதுரையை ஆளும் அரசி. ஆண்வாடை படாத ஆட்சி. பெண்களே மந்திரி, பெண்களே படை. சேலைக்கு மேல் கிரீடமும் இடையில் வாளுமாக அவள் மேடைக்கு வரும்போது பெண்கள் பக்கத்தில் எழுந்த சலசலப்பை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் வாழ்க்கையில் இல்லாத ஒன்று கண்ணெதிரே நடமாடுகிறது. பிறகு அர்ச்சுனன் வருகிறான். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வருகிறான். பாம்பு உருவெடுத்து அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்ததும் அவள் மனைவி. சம்மதம் கேட்காமல் கட்டிய தாலியை அவளால் கழற்ற முடியவில்லை, அவள் கோபம் படைகொண்டு எழுந்தும் அடங்கிப் போகிறது. கொட்டகையில் இதற்குக் கைதட்டல் விழுந்தது. பாட்டின் இனிமையிலும் கதையின் வேகத்திலும் நானும் மயங்கியிருக்கிறேன். இருந்தாலும் இதற்குப் பெயர் கொடுமை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் பாதி முழுக்க ஒரு பெண்ணின் பலத்தைக் கொண்டாடிவிட்டு, அவள் தூங்கும் நேரம் பார்த்து அதைப் பறித்துக்கொண்ட கதை அது.

அதே ஆண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் பெண்ணின் கைவேலை மேடையில் சாட்சி சொன்னது. அமெரிக்காவில் சூசன் கிளாஸ்பெல் 1916-இல் எழுதிய 'டிரைஃபிள்ஸ்' என்ற சிறு நாடகம். கணவனைக் கொன்றதாக ஒருத்தி சிறையில் இருக்கிறாள். அதிகாரிகள் மாடியிலும் கொட்டிலிலும் தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் நிற்கும் இரண்டு பெண்கள் அவள் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப்போர்வையைப் பார்க்கிறார்கள். அதுவரை சீராக வந்த தையல் ஓர் இடத்தில் கோணிப் போயிருக்கிறது. அவள் மனம் எந்த நாளில் உடைந்தது என்பது நூலில் தெரிகிறது. ஒருத்தி அந்தக் கோணல் தையலைப் பிரித்துச் சரியாகத் தைக்கத் தொடங்குகிறாள். கிளாஸ்பெல் பத்திரிகைக்காரராக இருந்தபோது அயோவா மாநிலத்தில் எழுதிய உண்மையான ஒரு கொலை வழக்கு இதன் மூலம். அந்த வழக்கு நடந்தபோது அங்கே பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. ஆரணியில் அறுந்த இழையை ஒட்டும் பெண்களுக்கு இந்த நாடகம் உடனே புரியும். ஒட்டிய இடம் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது, ஒட்டியவளுக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் பெண்ணின் துக்கத்தை எழுதியதும் பெரும்பாலும் ஆண், பாடியதும் ஆண். பெண் எழுதிய இடங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வை.மு. கோதைநாயகி சிறு வயதிலேயே மணமானவர். அவருடைய முதல் படைப்பு 'இந்திர மோகனா' ஒரு நாடகம். எழுதப் பழகியிராத அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார், பட்டை விட்டுக் கதர் கட்டினார், சிறைக்கும் போனார். பெண் தன் உடையைத் தானே தேர்ந்துகொண்டதற்கு அந்தக் காலத்தில் கிடைக்கும் தெளிவான அடையாளங்களில் அந்தக் கதர்ச் சேலை ஒன்று.

பெண்களே சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறியபோது என்ன நடந்தது? கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். ஆண் வேடமும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகத்துக்காக ரயிலே விட்டார்கள் என்றும், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர் என்றும் சொல்வார்கள். ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அந்தக் கம்பெனி சோறும் கூரையும் ஆயிற்று. கூட்டம் அவரைப் பார்க்க முண்டியடித்தது, ஆனால் அவரோடு பந்தியில் உட்கார மறுத்தது. பெண் வேடம் கட்டிய ஆணுக்குக் கலைஞர் என்று பெயர். பெண்ணாகவே வந்தவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றில் 1911-இல் பிறந்தார். சிறுவயதிலேயே கல்யாணம், பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டம் 1929-இல் வருவதற்கு முன்பு. அந்தக் கல்யாணம் முறிந்து போயிற்று. மேடைக்கு வந்தார். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகியாக நடித்தார். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி இயக்கினார். பிறர் கட்டிவிட்ட கதையிலிருந்து வெளியே வந்து, அடுத்தவர்களைத் திரையில் நடிக்க வைக்கும் இடத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண் அவர்.

கே.பி. சுந்தராம்பாளின் சேலை வேறு நிறத்தில் முடிகிறது. கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையில் பாடி, நாடகக் கம்பெனிக்கு வந்த சிறுமிக்கு முதலில் கிடைத்தது ஆண்பிள்ளை வேடம். நல்லதங்காளின் மூத்த மகனாகப் பசியில் பாடினார் என்று சொல்வார்கள். பையன்கள் பெண்ணாக நின்ற மேடையில் ஒரு சிறுமி பையனாக நின்றாள். பிறகு நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்து, அவரோடு சேர்ந்த நாட்கள். சிறுவயதில் ஸ்திரீ பார்ட் கட்டியவர் கிட்டப்பா. 1933 டிசம்பரில் அவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான்; ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

வண்ணப் பட்டு ஒரு பெண்ணின் உடம்பில் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதைப் புருஷன் உயிரைக் கொண்டு அளந்த சமூகம் இது. சாவித்திரியாக நடித்த ஆண் பட்டை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவர் இஷ்டம். கொட்டகையில் உட்கார்ந்திருந்த விதவைக்கு அந்த இஷ்டம் இல்லை. சுந்தராம்பாள் அந்த வெள்ளையைத் தாமே ஏற்றார் என்பதை நான் மறுக்கவில்லை. அவருடைய அன்பை அளக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதே சமயம் அந்த வெள்ளைக்குள் இருந்துகொண்டு அவர் செய்ததையும் பார்க்க வேண்டும். 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடத்தில் வந்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம், அந்தக் காலத்தில் கேட்டிராத தொகை. 1953-இல் 'ஔவையார்'. 1958-இல் சட்ட மேலவைக்குப் போனார்.

ஔவை வேடம் தமிழ் மேடையிலும் திரையிலுமாக இருவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சுந்தராம்பாளுக்கு முன்பே டி.கே. சண்முகம் அந்த வேடம் கட்டி, ஔவை சண்முகம் என்றே ஆகிவிட்டார். கல்யாணத்துக்குத் தப்ப இளமையை உதறி முதுமையை வரமாக வாங்கினாள் என்பது ஔவையைப் பற்றிய கதை. அரசர்களுக்கு நேரே நின்று பேசும் ஒரு பெண்ணை மேடை மனதார ஏற்றது, அவள் வண்ணச் சேலையை விட்ட பிறகுதான். அல்லி வண்ணத்தோடு வந்தாள், அவளைத் தூக்கத்தில் கட்டிப் போட்டார்கள்.

மதுரைப் பக்கம் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்து நடிகைகளோடு 1990களில் பழகி ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர், அவர்கள் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இரவில் வள்ளியாகப் பளபளக்கும் பெண், ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் குடும்பப் பெண்ணாகத் தெரியும்படி உடுத்தி, முடிந்தவரை யார் கண்ணிலும் படாமல் போய் வருகிறாள். மேடைச் சேலை பைக்குள் மடிந்திருக்கும். பாலாமணி காலத்துப் பெயர் இன்னும் அவர்களை விடவில்லை.

வட பக்கத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். மரத்தாலான கிரீடமும் தோள்கட்டையும் பூட்டிப் பெண்கள் துரியோதனனாக ஆடினார்கள். துரோபதையின் கேள்வியைப் பெண்ணே பாடினாள். அடவும் குரலும் அவர்களுக்குக் கடினமாக இல்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் ராத்திரியெல்லாம் கூத்துக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். கற்ற பிறகும் பலருக்கு மேடை அதோடு நின்றது. சிலர் நிற்கவில்லை.

தறிப் பக்கமும் கணக்கு மாறிவருகிறது. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35.22 லட்சம் தொழிலாளர்கள். அவர்களில் 72 சதவீதம் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களின் பங்கு அதில் பெரிது என்றாலும், தறிக்காரர் என்றால் ஆண் என்ற பழைய நினைப்பை அந்த எண் ஆட்டிவிடுகிறது. ஆரணிப் பக்கத்திலும் தார் சுற்றியவளே குழித்தறியில் இறங்கி நாடா எறிகிற வீடுகள் இருக்கின்றன. கூலி வாங்கப் போகும்போது கையெழுத்துப் போடுவது யார் என்பது மட்டும் இன்னும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.